தட்டில் ஏறிய சூடு

"எங்கப்பாவத் திருடன்னு சொன்னீங்கள்ல? அந்த வார்த்தைக்கு அவர்கிட்ட மன்னிப்புக் கேளுங்க."

ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் வாசலில் நின்று அமுதவள்ளி இப்படிக் கேட்டதும், அடுப்புக்கு விறகு போடும் அவள் அப்பா சோலைமலை கையிலிருந்த கட்டையைப் போட்டுவிட்டு எழுந்தார். போடியில் ஜீப்பு ஏறும்போதே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: "முதலாளிய மன்னிப்பு மட்டும் கேக்கச் சொல்லிராத ஆத்தா. உனக்கு ஆபீஸ் வேலை தர்றேன்னுருக்காரு." அந்த வேலைக்காகத்தான் மதுரையில் கிடைத்த எம்எஸ்சி சீட்டைக்கூட வேண்டாமென்று சொல்ல இருந்தாள்.

முதலாளி லிங்கேஸ்வரன் சிரித்தார். "கெமிஸ்ட்ரி படிச்ச திமிரா பிள்ளே? விறகு லோடு லோடாப் போகுது, பச்சக்காய் ரூமுல சூட்டு மீட்டரு ஏறவே மாட்டேங்குது. அப்ப விறகு எங்க? உங்கப்பன் வித்துட்டான்."

"காஞ்ச காய் ரூமுல?"

"அங்க இதவிடக் கூட நிக்குது."

அப்பாவின் சோற்றுத் தட்டை எடுத்தாள். மலைக் குளிரில் சில்லிட்டிருந்தது. காய்ந்த காய் அறையின் காற்றுத் துவாரத்தில் பிடித்தாள். கொஞ்சம் வெதுவெதுத்தது, அவ்வளவுதான். மறுபடி ஓடைத் தண்ணீரில் குளிரவைத்துத் துடைத்து, பச்சைக்காய் அறைத் துவாரத்தில் நீட்டினாள். சட்டென்று தட்டு வேர்த்தது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. கூடவே விரலுக்குச் சூடு ஏறியது.

அவளுக்கே மூச்சு நின்றது. மாறாத அழுத்தத்தில் ஒரு பொருள் வாங்கும் வெப்பம், விடும் வெப்பம், அதுதான் என்தால்பி மாற்றம் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள்தான். ஆனால் இன்றுதான் தொட்டாள். இரவெல்லாம் எரிந்த மரங்களின் சூட்டைக் காயிலிருந்த தண்ணீர் விழுங்கியிருக்கிறது. மீட்டருக்குக் காட்டாமல் ஆவிக்குள் ஒளித்து வெளியே வந்து, இந்தத் தட்டில் மறுபடி தண்ணீரானபோது, வாங்கியதை அப்படியே திருப்பிக் கொடுக்கிறது!

நிமிர்ந்தாள். குரங்கணிப் பக்கம் மலையை மூடி மேகம் நின்றது. அத்தனையும் ஆவியாகி ஏறிய தண்ணீர். அத்தனை தண்ணீரும் எவ்வளவு வெயிலைக் குடித்திருக்கும்? அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"கையக் கொண்டாங்க முதலாளி. பச்சக்காயில இருக்குற தண்ணி உங்க விறகுச் சூட்டக் குடிச்சு ஆவியாப் போயி, இந்தத் தட்டுல திருப்பித் தருது."

தட்டைத் தொட்டவர் விரலை எடுக்கவில்லை. "ஆத்தாடி! இதுக்குள்ளயா போச்சு என் விறகு?"

"ஆமா. இப்பச் சொல்லுங்க, எங்கப்பாகிட்ட."

லிங்கேஸ்வரன் காய் தரம் பிரிக்கும் பெண்களைப் பார்த்தார். அவர்கள் எல்லாரும் இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குரலைத் தாழ்த்தினார். "நாளையிலருந்து ஸ்டோரே உன் பொறுப்பு. போதுமா?"

"மன்னிப்பு?"

"இவன்கிட்டயா?"

அமுதவள்ளி தட்டை அப்பா கையில் கொடுத்தாள். "பிடிங்கப்பா. நீங்க போட்ட விறகு."

அவர் அதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். "ஏத்தா, வேலை?"

அவள் ஜீப்பு ரோட்டில் இறங்கி நடந்துகொண்டிருந்தாள். மேகத்தைப் பார்த்தபோதே மதுரைப் படிப்பு முடிவாகிவிட்டது. பின்னால் அடுப்புக் கதவு அறைந்து சாத்தும் சத்தம் கேட்டது. அதன் பின்னாலேயே அப்பாவின் செருப்புச் சத்தமும்.