கதவைத் தட்டிய கோடரி

பட்டுச் சேலையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, மணப்பெண் யாமினி மண்டபத்தின் குறுக்கே ஓடினாள்.

"அப்பா! திறப்பைத் தாங்கோ!"

சோதிலிங்கம் சாவியைத் தரவில்லை. வாசல் கதவைப் பூட்டிவிட்டு அதில் முதுகை ஒட்டி நின்றார். வெளியே மேளம் சட்டென்று ஓய்ந்தது. ஜெர்மனியின் எசன் நகர வெயிலில் மாப்பிள்ளை ஹர்ஷில் ஊர்வலத்தோடு காத்து நின்றான்.

"முகூர்த்தம் போகுதப்பா. அந்த ஒரு வரியைச் சொன்னால் முடிஞ்சுது!"

அந்த வரி ஹர்ஷில் வீட்டு வழக்கம். அவர்கள் குஜராத்துப் பாவ்சார்கள், துணிக்குச் சாயம் ஏற்றுகிறவர்கள். ஆதியில் வாளெடுத்தவர்களாம். பரசுராமர் கோடரியோடு சத்திரியர்களைத் தேடித்தேடி வெட்டியபோது, ஹிங்குலாஜ் தேவி அவர்களைத் தன் கோயிலுக்குள் ஒளித்து, வாளை வாங்கிக்கொண்டு சாயத்தொட்டியைக் கொடுத்தாளாம். அதனால் கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் சித்தப்பா கோடரியால் கதவைத் தட்டி, உள்ளே சண்டைக்காரன் உண்டா என்று கேட்பார். பெண்ணின் அப்பா சிவப்புச் சாயம் தோய்த்த கையைக் காட்டி, 'இங்கே சாயக்காரர்தான் உண்டு' என்பார். அதைக் கேட்காமல் மாப்பிள்ளை வாசலை மிதிக்க மாட்டான்.

நேற்று ஒத்திகையில் அதைச் சிரித்துச் சிரித்துச் சொன்ன அப்பா! நேற்று சித்தப்பா குஜராத்தியில் கேட்டார். இன்று சம்பந்தியைக் குளிர்விக்கத் தமிழில். சொல்லிக்கொடுத்தவள் யாமினியேதான்.

"அது அட்டைக் கோடரியப்பா! சமையல் வெள்ளித்தாள் சுத்தினது!"

டக், டக். சித்தப்பாவின் உடைந்த தமிழ் உற்சாகமாக மறுபடி முழங்கியது. "உள்ளே சண்டைக்காரன் இருக்கா? வெளியே வா!"

அப்பா கதவடியில் குந்தினார். "இஞ்ச ஒருத்தரும் இல்லை, ஐயா. நான் தையல்காரன்."

"சாயக்காரன் எண்டு சொல்லுங்கோ!"

"அவர் தையல்காரன் எண்டுதான் சொன்னவர்."

"ஆர்?"

"ஊரில ஆமிக்காரன் இப்பிடித்தான் அரைகுறைத் தமிழில கேட்டவன். நான் அந்தத் தையல்காரற்ற கடையில துணி மூட்டைக்குப் பின்னால ஒளிச்சுக் கிடந்தனான். கையில துவக்கு."

துவக்கா? கோழி வெட்டக்கூட அம்மாவைக் கூப்பிடுகிற அப்பாவின் கையில் துப்பாக்கியா? யாமினி திரும்பினாள். அம்மா கமலநாயகி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தில் அதிர்ச்சியே இல்லை.

"அந்தத் தையல்காரருக்கு என்னப்பா நடந்தது?"

"வாசலிலயே சுட்டுப்போட்டாங்கள்."

"யாமினி, என்ன பிரச்சினை?" ஹர்ஷில் வெளியிலிருந்து ஜெர்மனில் கத்தினான்.

அப்பா கதவைப் பிடித்து எழுந்தார். சாயம் தோய்த்த கையால் முகத்தைத் துடைத்தார். கன்னமெல்லாம் சிவப்பு. சாவியை அவள் உள்ளங்கையில் அழுத்தினார்.

"திற, பிள்ளை. நான் அந்த வரியைச் சொல்லுறன். ஆனா கன்னிகாதானத்துக்கு ஐயர் தகப்பன்ர பேர் கேக்கேக்க, பொய் சொல்ல ஏலாது. கலியாணக் கார்டில இருக்கிறது என்ர பேர் இல்லை."

"என்னப்பா சொல்லுறியள்?"

"சோதிலிங்கம் எண்டது, அண்டைக்குக் கதவைத் திறந்த தையல்காரற்ற பேர்."