பிரிவு எழுதாத படிவம்

2025 ஜூன் ஒன்பது, திங்கட்கிழமை. பங்காருபாளையம் தேவேந்திரனின் மகள் ரூபாவைத் திருப்பதியிலுள்ள பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு நடத்தும் ஒரு தனியார் ஜூனியர் கல்லூரி, அவளை ஒரு வார்த்தை கேளாமல், எம்.பி.சி. என்கிற கணிதப் பிரிவில் சேர்த்துக்கொண்டது, அவளுடைய டி.சி.யையும் தன் பீரோவில் பூட்டிக்கொண்டது. இது அநியாயம். இதற்கு வேறு பெயர் கிடையாது.

ரூபா விரும்பியது வேறு. அதே திருப்பதியில் ஒரு பள்ளி, பதினோராம் வகுப்பில் ஊடகவியலும் ஓவியமும் சேர்ந்த பிரிவை இந்த ஆண்டு தொடங்கியிருந்தது. மாம்பழக் கூழ் ஆலையில் பழம் பிரிக்கும் பெண்களை, அவர்களுள் தன் தாய் பத்மினியை, நான்கு நிமிடப் படமாகக் கைப்பேசியில் எடுத்து அனுப்பினாள். பார்த்த ஆசிரியர்கள் இடம் கொடுத்தார்கள். இன்று மாலை ஐந்து மணிக்குள் டி.சி.யைக் கொடுத்தால் இடம் அவளுக்கு, தவறினால் அடுத்தவருக்கு.

டி.சி. கல்லூரிக்குப் போனதற்குத் தேவேந்திரனே காரணம். அவர் மாங்காய் மண்டியில் பெட்டி சுமப்பவர். அவரை 'ஏ' என்றும் 'டேய்' என்றும் கூப்பிட்டே பழகியவர்கள் ஊரில் ஏராளம். ஜனவரியில், கல்லூரிக்குப் பிள்ளை பிடிக்கும் சுரேஷ்பாபு வந்தான். செருப்பை வாசலில் கழற்றினான். அவர்கள் வீட்டுச் சொம்பிலேயே தண்ணீர் குடித்தான். "தேவேந்திரன் காரு" என்றான். பெரியவர்களைத் தெலுங்கில் அழைக்கும் காரு! நாற்பத்தெட்டு வயதில் முதன்முறையாக அந்த மரியாதை தம் பெயரோடு ஒட்டிவரக் கேட்டவர், அவன் விரல் வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்திட்டார். பள்ளியிலிருந்து டி.சி.யை அவனே வாங்கிக்கொள்ளச் சம்மதம் என்பது ஒரு தாள். மற்றொன்று சேர்க்கைப் படிவம். அதில் 'பிரிவு' என்ற கட்டம் காலியாக இருந்தது. படித்துப் பார்த்தால் அவனை நம்பாததுபோல் ஆகிவிடுமே என்று கூசினார்.

திங்கட்கிழமை மூன்று மணிக்குத் தகப்பனும் மகளும் கல்லூரி அலுவலகத்தில் நின்றார்கள்.

"டி.சி.ய குடுத்துடு சார். பொண்ணு வேற எடத்துல சேரணும்னுது" என்றார் தேவேந்திரன்.

சுரேஷ்பாபு நாற்காலியை விட்டு எழவில்லை. "ஏமய்யா, ஹாஸ்டல்ல கட்டில் கூட போட்டாச்சி. இப்ப வந்து வெளையாடறியா? எந்த குரூப்புக்குப் போறா?"

"மீடியா" என்றாள் ரூபா.

அவன் பக்கத்து மேசைக்காரியிடம் திரும்பினான். "சூசாவா, பாத்தியா ஸ்ரீதேவி? மீடியாவாம்! போன்ல வீடியோ புடிக்க ரெண்டு வருஷப் படிப்பு. நாளைக்கி ரீல்ஸையா சோத்துல போட்டு துன்னுவா?"

"கணக்குல எனக்கு அறுபத்திரண்டு சார். யாரைக் கேட்டு எம்.பி.சி.ன்னு எழுதினீங்க?"

"உங்க நைனாதான் சைன் போட்டாரு. அவர கேளு."

'என்னய்யா' என்பதைத் தெலுங்கில் சொன்ன அந்த 'ஏமய்யா' தேவேந்திரனின் காதிலேயே நின்றது. அந்தக் காரு எங்கே? அது தமக்குக் கிடைத்த மரியாதையே அன்று. கையெழுத்துக்குக் கொடுத்த கூலி.

"அந்தக் கட்டம் காலியா இருந்துச்சே. அத யார் எழுதினது?"

"காலியா வுட்டா நாங்க எழுதுவோம். இந்த அக்கறை அன்னிக்கே இருந்திருக்கணும்."

சேர்க்கையை ரத்துசெய்து டி.சி.யைத் தரும்படி ரூபா ஒரு விண்ணப்பம் எழுதினாள். தேவேந்திரன் பேனாவை வாங்கவில்லை. "மொதல்ல படி."

படித்தாள்.

"இன்னொரு தபா படி."

"மணி ஆய்க்கினே இருக்குது, நைனா."

"ஆவட்டும். படிக்காம போட்ட சைன்தான் நம்மள இங்க நிக்க வெச்சிருக்குது."

முழுவதும் கேட்டபிறகே கையெழுத்திட்டார். சுரேஷ்பாபு அந்தத் தாளைத் தொடவும் இல்லை. "பிரின்சிபல் ஊர்ல இல்ல. நாளைக்கி வா."

நான்கே முக்காலுக்கு அந்தப் பள்ளியில், பழைய பள்ளி கொடுத்திருந்த டி.சி. நகலை நீட்டினார்கள். அசல்தான் வேண்டும் என்று எழுத்தர் சுமித்ரா வருத்தத்தோடு சொன்னாள். ஐந்து மணிக்குப் பட்டியலில் அடுத்த பெயரை அழைத்தாள். அசல் டி.சி. வியாழக்கிழமை கிடைத்தது. அதற்குள் அங்கே அவளுடைய பெஞ்சில் வேறொருவர் உட்கார்ந்துவிட்டார்.

"அந்த எம்.பி.சி.க்கே போறியா?" என்று திரும்பும் பேருந்தில் கேட்டார் தேவேந்திரன்.

"மாட்டேன், நைனா."

ரூபா இந்த ஆண்டு வீட்டில் இருக்கிறாள்.

இதைப் படிக்கும் பெற்றோரே, உங்கள் வாசலிலும் ஒருவன் செருப்பைக் கழற்றிவிட்டு மரியாதையாகப் பேசுவான். அவன் நீட்டும் தாளை வாங்கி, பிள்ளையின் கையில் கொடுங்கள். பிரிவு என்ற கட்டத்தை அவள் தன் கையால் நிரப்பும்வரை உங்கள் பேனாவின் மூடியைத் திறக்காதீர்கள்.