பதினாறு அங்குலத்துக்குக் கீழே

நெடுஞ்செழியன் என்று பெயர் வைத்த தகப்பனார், பிள்ளை வளர்ந்து முடிக்கும்வரை பொறுத்திருந்து வைத்திருக்கலாம். ஆள் ஐந்தடி நான்கு அங்குலத்தோடு நின்றுவிட்டான். டெக்சாஸ் மாநிலத்தில், ஆஸ்டினுக்கு வடக்கே ரவுண்ட் ராக்கில் வீடு. சிப் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் அளவெடுப்பதுதான் அவனுக்கு உத்தியோகம். தலைமுடியை ஆயிரம் கூறாக்கி, அதில் ஒரு கூறு பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் அவன் செய்த முட்டாள்தனத்தைக் கேட்டுவிட்டு, இவனெல்லாம் படித்தவனா என்று யாரும் கேட்கக் கூடாது.

அவனுடைய சிநேகிதன் சிவராமகிருஷ்ணன் ஆறடி உயரம். எல்லோருக்கும் அவன் சிவா, இவன் நெடு. இரண்டு பேரும் எச்-ஒன் விசாவில் ஒரே அபார்ட்மென்டில் எதிர் எதிர் வீட்டில் இருந்த காலத்திலிருந்து பழக்கம், பன்னிரண்டு வருடம் ஆகிறது. நெடுவின் மனைவி விஷாகாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது மூன்று நாள் ஆஸ்பத்திரி நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தவன் சிவா. கொஞ்சம் அலட்டல் பேர்வழி. யார் எங்கே போட்டோ எடுத்தாலும் நடுவில் வந்து நின்று, நீளமான கையை நீட்டி, போனைத் தானே வாங்கிக்கொள்வான். பன்னிரண்டு வருட போட்டோக்களில் அவன் முகம் பெரிதாகவும், மற்றவர்கள் முகமெல்லாம் அவன் தோளுக்குப் பின்னால் சிறிதாகவும் இருக்கும். அதை யாரும் குற்றமாக எடுத்துக்கொண்டதில்லை.

க்ரீன் கார்டு வந்த பிறகு இருவருக்கும் பன்றி வேட்டை பிடித்துக்கொண்டது. லம்பாசஸ் பக்கம் ஒரு பண்ணைக்காரரின் நிலத்தை ஐந்து தமிழ்க் குடும்பத்து ஆண்கள் சேர்ந்து வேட்டைக்குக் குத்தகை எடுத்திருந்தார்கள். வாட்ஸ்அப்பில் அவர்களுக்குப் 'பன்றிப்படை' என்று பெயர். மற்ற நாலு பேரும் சுட்டார்கள். நெடு பெரும்பாலும் தவறவிட்டான். காரணம் குறி அல்ல, துப்பாக்கியின் நீளம்.

மறைந்து உட்காரும் மரக்கூண்டு நம் ஊர் டெலிபோன் பூத் அளவுதான் இருக்கும். அதற்குள் இருபத்தாறு அங்குலக் குழல் வைத்த துப்பாக்கியைத் திருப்ப வேண்டுமென்றால், முதலில் அது ஜன்னல் சட்டத்தில் இடிக்கும், பிறகு பின்சுவரில் இடிக்கும். சத்தம் கேட்ட பன்றி எதிர்வேலிக்கே போய்விடும். கூண்டை விட்டு இறங்கி சீடர் மரப் புதருக்குள் நடந்தால் இன்னும் மோசம். கிளையெல்லாம் குழலைப் பிடித்து இழுக்கும். உயரமானவர்கள் எப்படியோ சமாளித்துக்கொண்டார்கள். நெடு அதைத் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்த்தால், துப்பாக்கிதான் அவனைக் கூட்டிக்கொண்டு வருகிறதோ என்று தோன்றும். படையில் எல்லோரும் சிரிப்பார்கள், அவனும் கூடவே சிரித்துவைப்பான்.

போன வருடம் சிவா ஒரு குட்டைத் துப்பாக்கி வாங்கி வந்தான். ஊரைவிட்டுப் போகும் பண்ணைக்காரர் ஒருவர் கைமாற்றிக் கொடுத்தது. போல்ட் வகைதான். ஒவ்வொரு தோட்டாவுக்கும் பிடியைக் கையால் தூக்கி, இழுத்து, தள்ளி, அமுக்க வேண்டும். ஆனால் அளவு என்ன அளவு! கூண்டுக்குள் இஷ்டம்போல் திரும்பியது, காரில் முன்சீட்டு ஓரமாகச் சாய்த்து வைத்தால் நின்றது, எடை முழுக்கக் கைக்குள்ளேயே இருந்தது. குழல் குட்டையாக இருந்தால் குண்டின் வேகம் கொஞ்சம் குறையும் என்பார்கள், உண்மைதான். நூறு கஜத்தில் நிற்கும் பன்றிக்கு அந்த வித்தியாசம் தெரியப்போவதில்லை. நெடு அதை ஒருதரம் தோளில் வைத்துப் பார்த்தான். தன் உடம்புக்கென்றே தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டவன்போல அவன் முகம் மலர்ந்துவிட்டது. அன்றைக்கே ஒரு பன்றியும் விழுந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் சிவாவிடம் கேட்டு வாங்கி ஒரு பத்து நிமிஷமாவது வைத்திருப்பான். எனக்குக் கொடுத்துவிடு என்று கேட்க மட்டும் கூச்சம்.

கேட்காமலே வந்தது. இந்த வருடம் ஆயுத பூஜை அன்று மாலை, விஷாகா பூஜை மேடையில் லேப்டாப், கார் சாவி, டிரில் மெஷின், நெடுவின் அளவுக் கருவிகள் எல்லாவற்றையும் அடுக்கிப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தபோது, சிவா ஒரு நீளப் பையோடு உள்ளே வந்தான். அந்தத் துப்பாக்கியை எடுத்து டிரில் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"இனிமே இது உன்னுது. எனக்கு இது பொம்மை மாதிரி இருக்குடா. ஆயுத பூஜை அன்னிக்குக் குடுக்கறத வேணாம்னு சொல்லக்கூடாது."

நெடுவின் தகப்பனார் கறுப்புச் சட்டைக்காரர். பிறந்ததிலிருந்து இருபத்தைந்து வயதுவரை அவன் எந்தப் பூஜையிலும் கை கூப்பியதில்லை. அன்றைக்கு அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டெக்சாஸில் இரண்டு பேருக்குள் துப்பாக்கி கைமாற காகிதம் எதுவும் தேவையில்லை. க்ரீன் கார்டு இருந்தால் வைத்துக்கொள்ளலாம். குழல் மட்டும் பதினாறு அங்குலத்துக்குக் குறையக் கூடாது, குறைந்தால் அரசாங்கத்திடம் முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். அது நெடுவுக்கும் தெரியும். சிவாவே ஒரு மரக்குச்சியை எடுத்து நீட்டி, நீதான் அளவுக்காரனாச்சே, அளந்து பார்த்துக்கோ என்றான். நெடு போல்ட்டை மூடி, குச்சியைக் குழலுக்குள் விட்டு, முனையில் பென்சிலால் கோடு போட்டு அளந்தான். பதினேழும் சொச்சமும் வந்தது. குழலின் முனையில் உதையைக் குறைக்க ஓட்டை ஓட்டையாக ஒரு உலோக உறை திருகியிருந்தது, பிரேக் என்பார்கள். அதை மட்டும் கழற்றாதே, உன் உடம்புக்கு உதை தாங்காது என்று சிவா கரிசனத்தோடு சொன்னான். விஷாகா அந்த பிரேக்கின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்தாள்.

பிறகு சிவா நெடுவைத் துப்பாக்கியோடு பூஜை மேடைக்கு முன்னால் நிற்கவைத்துப் போட்டோ எடுத்துப் பன்றிப்படையில் போட்டான். 'நெடுவின் புதுத் துப்பாக்கி' என்று எழுதியிருந்தான். கைதட்டும் பொம்மைகள் வரிசையாக வந்தன.

அடுத்த இரண்டு வாரத்தில் சிவாவுக்குக் குடியுரிமை இன்டர்வியூ நல்லபடியாக முடிந்தது. நெடுவுக்கு நவம்பர் பத்தொன்பது. இந்த நாட்டுக்கு வந்து பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது அவனுக்கு. வேலை போனால் அறுபது நாளில் மூட்டை கட்ட வேண்டும் என்ற பயத்தில் அதில் பாதி போயிற்று, க்ரீன் கார்டு வரிசையில் மீதி. அந்த இன்டர்வியூ முடிந்து உறுதிமொழி எடுத்துவிட்டால் இனி யாரும் தன்னைக் கிளம்பு என்று சொல்ல முடியாது என்பதை நினைத்தாலே அவனுக்கு நெஞ்சு லேசாகும். அதில் கேட்கக்கூடிய நூறு கேள்வி பதிலையும் காரில் போட்டுக் கேட்டு மனப்பாடம் செய்திருந்தான்.

துப்பாக்கியில் ஒரே ஒரு தொல்லை. குட்டைக் குழலுக்கே சத்தம் அதிகம், நெருப்பும் முகத்துக்குப் பக்கத்தில் வரும். பிரேக்கும் சேர்ந்துகொண்டால் கூண்டுக்குள் காது கிழிந்துவிடும். இரண்டு வேட்டைக்குப் பிறகு, காது மூடியையும் மீறி, நெடுவுக்கு அரை நாள் காதுக்குள் ரீங்காரம் கேட்டது. உதைத்தால் உதைத்துவிட்டுப் போகட்டும், பிரேக்கை எடுத்துவிட்டு, மரை கெடாமல் இருக்க வெறும் மூடி போட்டுக்கொள்வோம் என்று முடிவு செய்தான். நவம்பர் முதல் வாரம், ஆபீஸ் முடிந்து, லியாண்டர் போகும் வழியில் துப்பாக்கி பழுது பார்க்கும் வென்டெல் என்ற கிழவரிடம் கொண்டுபோனான்.

வென்டெல் பிரேக்கைக் கையாலேயே திருகிக் கழற்றினார். காய்ந்த குங்குமம் மேசைமேல் உதிர்ந்தது. அவர் துப்பாக்கியைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு ஒரு அளவுகோலை உள்ளே விட்டு எடுத்து நெடுவிடம் காட்டினார். பதினைந்தேகால். கையால் கழற்ற வருகிற எதுவும் குழலோடு சேர்த்தி இல்லை என்றார். நிரந்தரமாகப் பற்றவைத்திருந்தால்தான் கணக்கில் வரும். பதிவுக் காகிதம் எங்கே என்று கேட்டார்.

நெடுவுக்குக் காகிதம் என்ற வார்த்தைக்கு மேல் எதுவும் காதில் விழவில்லை. உலகத்தையே அளக்கிறவன், கழற்றிவிட்டு அளக்க வேண்டும் என்று தோன்றாமல் அளந்திருக்கிறான். அதுவும் பூஜை அறையில், சிநேகிதன் நீட்டிய குச்சியால். தன் புத்தியைத் தானே நொந்துகொண்டு, தெரியாமல் நடந்துவிட்டது, கொடுத்தவனுக்கும் தெரிந்திருக்காது என்று திக்கித் திக்கிச் சொன்னான்.

வென்டெல் கண்ணாடியைக் கழற்றினார். கொடுத்தவர் உயரமான ஆளா, என்றார். ஆகஸ்டில் இதே துப்பாக்கியோடு வந்தார், இதே மேசையில் அளந்து காட்டினேன், நீளமான குழல் மாற்றித் தருகிறேன் என்றும் சொன்னேன், யோசித்துச் சொல்வதாகப் போனார். நல்ல மனிதர், போகும்போது ஒரு டப்பா ஸ்வீட் கொடுத்தார்.

இதைச் சொல்லிவிட்டு, அவர் பிரேக்கைத் திரும்பத் திருகிக் கொடுத்தார். இதை இங்கே வைத்துவிட்டுப் போகாதே, ஒரு வக்கீலைப் பார். நான் இதை இன்றைக்கும் பார்க்கவில்லை, ஆகஸ்டிலும் பார்க்கவில்லை, கோர்ட்டில் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன் என்றார். அவர் பிழைப்பு அவருக்கு.

நெடு பார்க்கிங் லாட்டில் காரை எடுக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். பயம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த ஆஸ்பத்திரி நாற்காலிதான் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்து அவனை அறுத்தது. அது பொய்யில்லை, இதுவும் பொய்யில்லை. இரண்டையும் செய்தவன் ஒரே ஆள் என்பதை அவனால் விழுங்க முடியவில்லை.

நேராக சிவாவின் வீட்டுக்குப் போனான். மறுநாள் சிவாவுக்கு உறுதிமொழி விழா. கராஜில் மடக்கு மேசைகளை விரித்து விருந்துக்குத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான். நெடு வென்டெலின் பெயரைச் சொன்னதும் சிவா கையிலிருந்த தட்டுகளைக் கீழே வைத்துவிட்டு, உள்கதவைச் சாத்தினான். இல்லை என்று ஒரு வார்த்தை அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட நெடு நம்பியிருப்பான்.

"குழல மாத்தியிருக்கலாமேடா" என்றான் நெடு.

"மாத்தினா ஒரு பில் வரும். அதுல என் பேர் இருக்கும். இன்டர்வியூல கேப்பான்டா, பிடிபடாம எதாவது தப்பு பண்ணியிருக்கியான்னு. நான் என்ன சொல்றது?"

"அதனால எங்கிட்ட தள்ளிட்ட."

"நீ அத கேட்டு கேட்டு வாங்கி வச்சுட்டு இருப்ப. ஆசப்பட்டன்னு தெரியும். உனக்குத் தெரியாத வரைக்கும் உன்மேல தப்பே இல்ல. தெரிஞ்சு நான் வச்சிருந்தாதான் தப்பு. நல்லா யோசிச்சுதான் பண்ணேன்."

நல்லா யோசிச்சு என்பதை அவன் ஆறுதல்போலச் சொன்னான். பிரேக்கைக் கழற்றாதே என்று அவன் சொன்ன கரிசனம் இப்போது நெடுவுக்குப் புரிந்தது. 

"இப்ப எனக்குத் தெரிஞ்சு போச்சே சிவா. பத்தொம்பதாம் தேதி எங்கிட்டயும் அதே கேள்வியத்தான கேப்பான்?"

சிவா தட்டுகளைத் திரும்ப அடுக்க ஆரம்பித்தான். அடுக்கிக்கொண்டே, ஏதாவது வாய்க்காலில் வீசிவிடு, நான் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றான். மற்றவன் ரகசியத்தைக் காப்பாற்றித் தருகிற பெருந்தன்மை அவன் குரலில் இருந்தது. நெடுவுக்கு அவனை அடிக்கக் கை எழவில்லை. எழுந்திருந்தாலும் மோவாய்க்குத்தான் எட்டியிருக்கும். வெளியே வந்துவிட்டான்.

எல்லாவற்றையும் கேட்டும் அன்று விஷாகா அழவில்லை. அவள்தான் ஹூஸ்டனில் இருக்கும் வதனி என்ற யாழ்ப்பாணத்து வக்கீலைப் பிடித்தாள். மறுநாள் காலை, ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு, இருவரும் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்துவைத்து அவரோடு பேசினார்கள். வதனி இடையில் குறுக்கிடாமல் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு ஒளிக்காமல் சொன்னார். க்ரீன் கார்டுக்காரர் மேல் துப்பாக்கிக் குற்றம் விழுந்தால் நாட்டைவிட்டே அனுப்பலாம். பொய் சொல்லி இன்டர்வியூவைத் தாண்டினால், பின்னால் அதுவே பெரிய குற்றம். வீசுவது, உடைப்பது எதுவும் கூடாது. தனக்குத் தெரிந்த கிரிமினல் வக்கீல் மூலம் முறைப்படி ஒப்படைக்க வேண்டும். பத்தொன்பதாம் தேதி இன்டர்வியூவைத் தள்ளிவைக்கக் கேட்போம், எவ்வளவு காலம் என்று என்னால் சொல்ல முடியாது என்றார். விஷாகா அதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள். எவ்வளவு காலம் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

"அவர்தான் தந்தவர் எண்டதுக்கு ஏதும் அத்தாட்சி இருக்கோ?" என்று கேட்டார் வதனி.

இருக்கிறது என்று நெடு அவசரமாகப் போனை எடுத்தான். பன்றிப்படையைத் திறந்தான். சிவாவின் விழாப் படங்கள் அப்போதுதான் வந்துகொண்டிருந்தன. கையில் சின்னக் கொடியோடு, நடுவில், பெரிதாக, சிவாவின் முகம். கீழே வாழ்த்துகள். அவற்றையெல்லாம் தள்ளித் தள்ளி மேலே போய், ஆயுத பூஜைப் படத்தைக் கண்டுபிடித்து, பெரிதாக்கி, கேமராவுக்கு நேரே நீட்டினான்.

சந்தனம் வைத்த டிரில் மெஷின். குங்குமம் வைத்த குழல். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் நெடுஞ்செழியன். 'நெடுவின் புதுத் துப்பாக்கி.'

வதனி திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து உற்றுப் பார்த்தார்.

"இதில அவர் எங்க நிக்கிறார்?"

நெடு போனைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தான். படத்தின் நாலு மூலையையும் விரலால் இழுத்து இழுத்துப் பார்த்தான். பன்னிரண்டு வருடத்தில் சிவா இல்லாத ஒரே படம் அது.

"அவன்தாங்க எடுத்தது" என்றான்.