வட்டம் போட்ட இடங்கள்

ஐந்தே முக்காலுக்கு எழுந்தான். பல் தேய்த்தான். பால் காய்ச்சினான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். மனைவியின் போனைச் சார்ஜில் போட்டான். அவள் போய் மூன்று மாதம் ஆகிறது, தினமும் போடுகிறான். ஏன் என்று கேட்க வீட்டில் ஆளில்லை.

அன்று அது அடித்தது. எடுத்தான்.

"சார், டீச்சரோட நாடகக் குழுவிலேருந்து பேசறோம். இன்னிக்கு மூணு மணிக்கு நாடகம். ஸ்கிரிப்ட் உங்க வீட்லதான் இருக்கு. அவங்க கோழிக் கிறுக்கல் உங்களுக்குத்தானே புரியும்? யாராவது வசனத்தை மறந்தா நீங்கதான் எடுத்துக் கொடுக்கணும்."

போனான். மேடையின் பக்கத் திரைக்குப் பின்னால் அவளுடைய நாற்காலி அப்படியே கிடந்தது. உட்கார்ந்தான். ஒத்திகை ஆரம்பமானது. கதை ஒரு ரயில் நிலையத்தில் நடக்கிறது. ஸ்டேஷன் மாஸ்டராக நடித்த பெண்ணுக்குத் திக்குவாய். வகுப்பில் அவளுக்கு 'பஃபரிங்' என்று பட்டப்பெயர். அவளுடைய வசனங்களுக்குப் பக்கத்தில் மட்டும் பென்சிலால் சின்னச் சின்ன வட்டங்கள். அவை என்னவென்று அவனுக்குப் பிடிபடவில்லை.

"வ... வ... வ..."

அவள் கழுத்து நரம்பு புடைத்தது. பார்க்கச் சகிக்காமல், "வண்டி!" என்றான்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். தொப்பியைக் கழற்றி பெஞ்சில் வைத்தாள்.

சுமை தூக்குபவனாக நடித்தவன் மூட்டையோடு திரைக்குப் பின்னால் வந்துவிட்டான். "காரியத்தைக் கெடுத்துட்டீங்களே சார்! அந்த வட்டமெல்லாம் எங்களுக்கு. அவ திக்கி நிக்கிற இடத்துல நான் மூட்டைக் கயித்தை அவுத்துக் கட்டுவேன். தாத்தா வேஷம் போட்டவன் கண்ணாடி தேடுவான். அவ சொல்லாம வண்டி எங்க சார் ஓடிடப் போகுது?"

"உதவியா இருக்கட்டும்னுதான்..."

அந்தப் பெண் அவனையே பார்த்தாள். "மூ... மூணு மணிக்கும் எ... எடுத்துக் கொடுப்பீங்களா?"

"மாட்டேன்."

தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

மூன்று மணிக்கு அரங்கம் நிரம்பி வழிந்தது. "வ... வ..." பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சொல் அவன் நாக்கு நுனியில் நின்றது. உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டான். மேடையில் கயிறு அவிழ்ந்தது, மறுபடி கட்டப்பட்டது. தாத்தா கண்ணாடியைத் தன் நெற்றியிலேயே கண்டுபிடித்தார். அவரைப் பார்த்துத்தான் அரங்கம் சிரித்தது.

திரைக்குப் பின்னாலிருந்த இருட்டில் அவன் மனைவியின் ஆஸ்பத்திரிக் கட்டிலைப் பார்த்தான். ஆபரேஷனுக்கு மறுநாள். அவள் பாதிச் சொல்லோடு திணறும்போதெல்லாம் மீதியை அவன்தான் போட்டு நிரப்பினான். போர்வையா? வலிக்குதா? தண்ணியா? துக்கம் கேட்க வந்த அத்தனை பேரிடமும் சொன்னான்: "கடைசியா தண்ணி கேட்டா."

"வண்டி போகலாம்!" என்றாள் ஸ்டேஷன் மாஸ்டர். கைதட்டலில் கூரை அதிர்ந்தது.

அவன் வாயிலிருந்து கையை எடுக்கவில்லை. தண்ணீர் அவன் சொன்ன சொல். மனைவி அதைக் கேட்கவே இல்லை. வாயருகே வந்த ஸ்பூனைப் புறங்கையால் ஒதுக்கினாள். அப்புறம் சொன்னாள்:

"கொ... கொஞ்சம் இருப்பா. நானே சொல்றேன்."