ரியாக்ஷன்

தையற்காரன் மாத்திரையை நிறுத்தியதற்கு ஒரே ஒரு சொல்தான் காரணம். தொழுநோய்க்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவனுக்குக் காய்ச்சல் வந்தது. பின்னாலேயே முகம் சிவந்து வீங்கி, முழங்கை நரம்பு வலியில் தெறித்தது. "ரியாக்ஷன்" என்றாள் நர்ஸ். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று எடுத்துக்கொண்டான். செத்துப்போன மனைவி இருந்திருந்தால், கேள்வி கேட்டே நர்ஸைத் துளைத்திருப்பாள்.

மாத்திரையை நிறுத்தியதைக் கேட்டதும் டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "ரியாக்ஷன்னா கிருமியோட உங்க உடம்பு போடுற சண்டை, தம்பி. இந்த வைரஸ் காய்ச்சல் அதக் கிளப்பி விட்டிருக்கு. பழைய மாத்திரையோட, வீக்கத்துக்கு நான் தர்றதையும் சேர்த்துச் சாப்பிடுங்க. தினமும் கண்ண மூடிக்கிட்டு, யாரையாவது பேனாவால விரலத் தொடச் சொல்லுங்க. தெரியலைன்னா உடனே ஓடி வாங்க. விட்டா ஊசி பிடிக்க முடியாது."

வீட்டில் கண்ணை மூடித் தானே தொட்டுப் பார்த்தான். எந்த விரல் என்று தொடுகிற கைக்கு முன்பே தெரிந்திருந்தது.

பக்கத்துக் கடை இஸ்திரிக்காரரிடம் போய்ப் பேனாவோடு கையை நீட்டினான். "அண்ணே, எந்த விரலத் தொடுறீங்கன்னு நான் சொல்லணும்."

"பனமரமாட்டம் வளர்ந்துட்டு, சின்னப்புள்ள விளையாட்டாடா?" என்று சிரித்தபடி அவர் பேனாவை வாங்கினார்.

அவன் கண்ணை மூடிக் காத்திருந்தான்.

"என்னடா, தொட்டு எவ்வளவு நேரமாச்சு," என்றார் அவர். "சொல்லேன்!"