வெடிவண்டின் விலாசம்

1

இந்தக் கதை ஒரு விரல் கறையிலிருந்து வந்தது. சோப்புப் போட்டும் போகாத பழுப்புக் கறை. வருஷம் 1946, மழை விட்ட சமயம். விரலுக்குச் சொந்தக்காரன் மண் சுமக்கும் கூலி பீர் முஹம்மது. அது நான்தான். நாற்பது வயதில் எழுத்துக் கற்றவனுக்கு 'நான்' என்று தொடங்கக் கூச்சம். 'அவன்' என்றால் கை ஓடுகிறது.

2

முதல் தொடக்கம்: 'அடையாற்றில் சூரியன் பொன்னை உருக்கி...' அடித்துவிட்டேன். கூடை சுமக்கிறவன் சூரியனை அப்படிப் பார்க்கிறதில்லை.

மறுபடி தொடங்குகிறேன். காலேஜ் வாத்தியார் அனந்தராமன், ஆழ்வார்பேட்டை வீட்டு வராந்தாவில், கறுப்பு இறக்கையில் மஞ்சள் புள்ளி வைத்த வண்டை ஊசியில் குத்தி, சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். மறுநாள் பூச்சிப் பெட்டி பம்பாய் மியூசியத்துக்குப் போகிறது. சீட்டில் எழுதியதுதான் இனி அந்த வண்டுக்கு ஊரும் வீடும்.

"வாழுமிடம், தோட்டத்து உலர்ந்த மண்" என்று அவர் வாய்விட்டுப் படித்ததும், கூடையோடு நின்றவன் சிரித்துவிட்டான்.

"என்ன சிரிப்பு, சாயபு? எங்காத்துத் தோட்டத்துல என் கையால பிடிச்சேன்."

"புட்ச்சது இங்கதான் சார். அது குடியிருக்கிறது இங்க இல்ல. போன வாரம் உங்க தோட்டத்துப் பள்ளத்துல கொட்டினேனே ஆத்து மண்ணு, அதுல கூடையேறி வந்துகீது. சுமந்த கூலிகூட அது குடுக்கல."

(வாத்தியார் கோபித்துக் கத்தியதாக முதலில் எழுதினேன். பொய். அவர் பேனாவை மூடிவிட்டு, "காட்டும், பார்க்கலாம்" என்றார்.)

3

இரண்டு பேரும் ஆற்றங்கரைக்கு நடந்தார்கள். பிள்ளைப்பூச்சி வளை போட்ட ஈரமண்ணாகப் பார்த்து அவன் ஒரு பிடி பெயர்த்தான்.

"பிள்ளைப்பூச்சி முட்டையத் தின்னுதான் சார் இதோட குஞ்சு வளரும்."

வெறுங்கையால் வண்டை எடுத்தான். 'பட்'டென்று வெடித்தது. புகை. விரல் சுட்டும் அவன் விடவில்லை.

வாத்தியார் தன் விரலைப் பக்கத்தில் நீட்டினார். தோட்டத்து வண்டு வைத்த அதே பழுப்பு.

"ரெண்டும் ஒரே ஜாதிதான்."

"வண்டா சார், விரலா?"

வாத்தியார் சிரித்த சிரிப்பில் கரையில் இருந்த கொக்கு பறந்தது. (கொக்கு நான் சேர்த்தது.)

4

வராந்தாவுக்குத் திரும்பியதும் வாத்தியார் பழைய சீட்டைக் கிழித்தார். ஆற்று வண்டையே ஊசியில் ஏற்றி, 'அடையாற்றங்கரை, பிள்ளைப்பூச்சி வளையுள்ள ஈரமண்' என்று புதிதாக எழுதினார். கடைசி வரியில் நிறுத்தி, பேனாவை அவனிடம் நீட்டினார்.

"எழுத வருமா, சாயபு?"

"போன வருஷமே வந்துச்சு சார்."

முடிவு ஒன்று: மரியாதைக்காக அவன் வாத்தியார் பேரையே... வேண்டாம்.

முடிவு இரண்டு: தன் பேரை எழுதி அழுதான். அவனாவது, அழுவதாவது!

இன்றைக்கு அறுபது கூடை சுமந்த கை. வலிக்கிறது. இந்த வரியை உங்களிடம் விடுகிறேன். பேர் உங்களுக்குத் தெரியும். ஓர் எழுத்தும் தப்பாமல் எழுதுங்கள், பம்பாய்வரை போகிறது.

பிடித்தவர்: ................