நடுவுல வராத

வேலையில் இருந்தவரை அவர் உதவி மேலாளர்தான். ஓய்வு பெற்ற மறுநாளே வீட்டுக்குத் தலைமை மேலாளராகத் தம்மைத் தாமே பதவி உயர்த்திக்கொண்டார். உறவுக்குள் அவர் பெயர் 'மேனேஜர்'.

மனைவி செடி வளர்த்து விற்பவள். புதிதாகத் திறக்கவிருந்த ஹோட்டல் ஒன்று அவளிடம் பூந்தொட்டிகள் கேட்டிருந்தது. அவள் பிடித்த முதல் பெரிய ஆர்டர். மறுநாள் காலை தொட்டிகள் வந்து சேராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். தொட்டிகளைச் சுமக்க வேண்டிய கிழட்டு பிக்கப்போ, வாசலிலேயே இருமி இருமி நின்றுபோனது. டேங்குக்குள் இருக்கும் ஃபியூவல் பம்ப் செத்துவிட்டது, இன்றைக்கு ஆள் இல்லை என்று கைவிரித்தார் மெக்கானிக்.

"ஏங்க, ஒரு வண்டி வாடகைக்குச் சொல்லிரவா?"

"ஒரு பம்ப் மாத்தத் தெரியாதா எனக்கு? ஒரு டிபார்ட்மென்ட்டையே கட்டி மேச்சவன். நீ நடுவுல வராத."

உதவிக்கு வந்தவன் அவள் தம்பி. வந்ததும் அவன் கைக்குக் கிடைத்தது ஸ்பானர் அல்ல, சொற்பொழிவு.

"எதுக்கும் ஒரு முறை இருக்கு மச்சான். முதல்ல பாதுகாப்பு."

பம்புக்குக் கரண்ட் போகாதபடி அதன் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டார். பேட்டரியையும் கழற்றினார். அன்று முழுக்க அவர் முறையாகச் செய்தது அவ்வளவுதான்.

டேங்க் நிரம்பி வழிந்தது. 'முன்யோசனை' என்று சொல்லி முந்தின நாள் நிரப்பியவரும் அவரே. குழாய் போட்டு வாயால் உறிஞ்சியதில் ஒரு மடக்கு உள்ளே போயிற்று.

"சக்கரை போதுமா மாமா?"

முறைத்தார். டேங்கைத் தாங்கும் பட்டையின் போல்ட் துருவேறி அசைய மறுத்தது. அசைந்தபோது முறிந்தே போனது. டேங்க் ஒருபக்கம் சாய்ந்து, மிச்சப் பெட்ரோல் முழுவதும் மேனேஜரின் சட்டைக்கு அபிஷேகம். மனைவி சட்டையைக் கழற்றச் சொல்லி வாளியில் ஊறப்போட்டாள். அதன்பின் உத்தரவுகள் பனியனிலிருந்து பிறந்தன.

சாயங்காலத்துக்குள் கடையில் வாங்கிய புதுப் பம்பை மாட்டி, டேங்கைத் தூக்கிக் கட்டி, உறிஞ்சி எடுத்த பெட்ரோலை ஊற்றி, பேட்டரியை இணைத்தார்கள். சாவியைத் திருகினார். ஸ்டார்ட்டர் சுற்றிச் சுற்றி ஓய்ந்ததே தவிர, இன்ஜின் வாயே திறக்கவில்லை.

மனைவி கையில் எதையோ மூடிக்கொண்டு வந்தாள்.

"ஏங்க, இது..."

"நடுவுல வராதன்னு சொன்னேன்ல. கடைக்காரன் டூப்ளிகேட் பம்பைத் தலைல கட்டிட்டான். மச்சான், இறக்கு டேங்கை."

மறுபடி இறக்கினார்கள். ஒயரைப் பார்த்தார்கள், குழாயை ஊதினார்கள், முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு மறுபடி ஏற்றினார்கள். அதே மௌனம்.

"ஏங்க, சட்டையில..."

"வண்டியே ஓடல, சட்டை ஒரு கேடா?"

"மாமா, அக்கா எதோ சொல்ல வருது," என்றது வண்டிக்கு அடியிலிருந்து ஒரு குரல்.

"நான் பேசி முடிச்சிக்கிறேன்."

பேசி முடித்தார். பம்ப் செய்தவன், விற்றவன், சாலை போட்டவன் எல்லாரும் அதில் அடங்கினார்கள். அவள் அதுவரை காத்திருந்து, கையிலிருந்ததை பானெட் மேல் வைத்தாள். இரண்டு உலோகக் கால்களோடு சின்ன ஃபியூஸ். சோப்பு வாசனை அடித்தது.

"இது எங்க இருந்துச்சு?"

"உங்க பையில. நல்லா அலசிட்டேன்."

அடியில் மச்சான் சிரித்த சிரிப்பில் வண்டியே குலுங்கியது. மேனேஜர் ஃபியூஸைப் பனியனில் துடைத்து, ஊதி, அதன் இடத்தில் செருகினார். சாவியைத் திருகியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது.

"புதுப் பம்ப் பாரு," என்றார். "செட் ஆகக் கொஞ்ச நேரம் எடுக்கும்."

அவள் தொட்டிகளை எண்ணப் போய்விட்டாள்.

காலையில் பின்பக்கம் முழுக்கத் தொட்டிகள். ஸ்டியரிங்கில் அவள், ஜன்னலோரம் தம்பி, மடியில் ஒரு தொட்டியோடு. மேனேஜர் கதவருகே நின்று செடி ஏற்றும் முறை பற்றி ஆரம்பித்தார்.

"ஏறுங்க," என்றாள் அவள். "இன்னைக்கு நடுவுல வாங்க."

கியர் கம்பிக்கு இரண்டு பக்கமும் முழங்காலைக் குறுக்கி உட்கார்ந்தார். ஹோட்டல் போய்ச் சேரும்வரை அவர் வாய் திறந்தது, இரண்டாவது கியருக்குக் கம்பி அவர் பக்கம் இழுபட்டபோது மட்டும்தான். அதுவும் "ஸ்ஸ்" என்று.